900 புத்தகத்தில் பாடகர் கையெழுத்து. போட்டது மனிதனா, எந்திரமா?

ரசிகர்களே துப்பறிந்தார்கள் – "அசல்" என்று கடிதம் கொடுத்த கம்பெனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது – ஆட்டோகிராப் அசலா, போலியா என்று கண்டுபிடிப்பது எப்படி?

உலகப் புகழ் பெற்ற பாடகர் தன் கைப்படக் கையெழுத்துப் போட்ட புத்தகம் என்று சொல்லி, ஒரு புத்தகம் 599 டாலர் விலைக்கு விற்கப்பட்டது. "கையெழுத்து அசல்தான்" என்று கம்பெனியின் தலைவரே உறுதி கூறும் கடிதமும் கூட வைக்கப்பட்டது.

கடைசியில் பார்த்தால், பாடகரின் பேனா அந்தப் புத்தகத்தில் படவே இல்லை! கையெழுத்துப் போட்டது ஓர் எந்திரம்!

இந்தச் சம்பவம் 2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் நடந்தது. பாடகரின் பெயர் பாப் டைலான். 2016-ம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். பாட்டு எழுதிப் பாடும் ஒருவருக்கு அந்தப் பரிசா என்று உலகமே அப்போது பேசியது.

அவர் எழுதிய "நவீன பாடலின் தத்துவம்" என்ற பொருள் கொண்ட ஆங்கிலப் புத்தகத்தை, சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற பெரிய புத்தகக் கம்பெனி வெளியிட்டது. சாதாரணப் பிரதி கடைகளில் கிடைத்தது. கையெழுத்துப் போட்ட பிரதி 900 மட்டுமே என்று அறிவித்தார்கள்.

599 டாலர் என்றால் அன்றைய கணக்கில் சுமார் 49 ஆயிரம் ரூபாய். ஒரு புத்தகத்துக்கு 49 ஆயிரமா என்று நமக்குத் தலை சுற்றும். ஆனால் ரசிகர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

எதற்காக? காகிதத்துக்காகவா, மைக்காகவா? அந்த மனிதர் ஒரு நிமிஷம் இந்தப் புத்தகத்தைத் தன் முன்னால் வைத்துக் குனிந்திருப்பார், அவர் கை இந்தப் பக்கத்தில் பட்டிருக்கும் என்ற எண்ணத்துக்காகத்தான்.

அந்த எண்ணத்தில்தான் மண் விழுந்தது.

குட்டு வெளிப்பட்டது எப்படி?

புத்தகம் கைக்கு வந்ததும் வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. கையெழுத்துப் பக்கத்தைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். சந்தோஷத்தில் காட்டியதுதான், சந்தேகத்தில் காட்டியது அல்ல.

ஆனால் நாலு படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது சிலருக்குப் பொறி தட்டியது. இவர் புத்தகத்தில் இருக்கும் அதே வளைவு, அதே சுழி, அதே இடைவெளி அடுத்தவர் புத்தகத்திலும் அப்படியே இருந்தது!

ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அச்சுப் போல் பொருந்தியது.

எல்லாப் பிரதியும் ஒரே மாதிரி இருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும். பல விதமான மாதிரிக் கையெழுத்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருந்தார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் புத்தகத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். பத்து, இருபது புத்தகத்தைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஜோடி ஜோடியாக இரட்டைகள் வெளியே வந்தன.

போலீஸ் வரவில்லை. துப்பறியும் நிபுணர் யாரும் வீடு வீடாக வரவில்லை. வாங்கிய ரசிகர்களும், கையெழுத்துச் சேகரிப்பில் ஊறியவர்களும் சேர்ந்தே துப்புத் துலக்கிவிட்டார்கள்.

விஷயம் பத்திரிகைகளுக்குப் போனது. ஒரு வாரத்துக்குள் கம்பெனி பணிந்தது. மன்னிப்புக் கேட்டு, வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது.

ஒன்று போல் இன்னொன்று இருக்காது

இங்கே ஒரு கேள்வி எழும். ஒரே ஆள் போடும் கையெழுத்து ஒரே மாதிரி இருந்தால் அதில் என்ன தப்பு?

பாங்கியில் கவுண்டரில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார். நீங்கள் இன்று போட்ட கையெழுத்தும் நேற்றுப் போட்ட கையெழுத்தும் ஒரே ஜாடையில் இருக்கும். ஆனால் அளவெடுத்தால் ஒன்றாக இருக்காது. ஒரு நாள் சுழி பெரிதாக விழும். ஒரு நாள் கடைசி எழுத்து இழுத்துக்கொண்டு போகும். அவசரம், அலுப்பு, பேனா, மேஜை உயரம் எல்லாம் அதில் விளையாடும்.

அண்ணன் தம்பி போல ஜாடை ஒன்று, ஆள் வேறு. இதுதான் மனிதக் கையின் லட்சணம்.

ஆகவே இரண்டு கையெழுத்து மயிரிழை கூடப் பிசகாமல் பொருந்தினால், ஒன்றாவது போலி. பல சமயம் இரண்டுமே போலி!

கள்ளக் கையெழுத்தைப் பிடிக்கும் நிபுணர்கள் சொல்லும் முதல் பாடம் இது. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் டைலான் புத்தகத்தில் குட்டை உடைத்தது இந்த ஒரு பாடம்தான்.

எந்திரக் கை

அந்த எந்திரத்துக்கு "ஆட்டோபென்" என்று பெயர். மேஜை மேல் வைக்கும் சாதனம். அதில் ஓர் இரும்புக் கை உண்டு. அந்தக் கையில் பேனாவைச் செருகுவார்கள். பிரமுகர் ஒருமுறை போட்டுக் கொடுத்த கையெழுத்தை மாதிரியாக வைத்து, எந்திரக் கை அதே தடத்தில் ஓடும். பழைய எந்திரங்களில் அந்த மாதிரியைத் தகடாக வெட்டி வைத்திருப்பார்கள். புதிய எந்திரங்களில் அது கம்ப்யூட்டர் நினைவில் இருக்கிறது.

பால்பாயிண்ட் பேனா, பவுண்டன் பேனா, தடித்த ஸ்கெட்ச் பேனா எதை வேண்டுமானாலும் செருகலாம். இதுதான் இதில் உள்ள சூழ்ச்சி.

பலர் என்ன செய்கிறார்கள்? விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறார்கள். மை கலைந்தால் அசல், கலையாவிட்டால் அச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எந்திரம் போட்ட கையெழுத்திலும் மை கலையும்! பேனா நிஜம், மை நிஜம், அழுத்தம் நிஜம். கை மட்டும்தான் பொய்.

(எச்சில் தொட்டுத் தேய்த்தால் அசல் கையெழுத்தும் பாழாகிவிடும் என்பது வேறு விஷயம்.)

எந்திரம் புதிய சரக்கு அல்ல. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கடிதங்களில் எந்திரக் கையெழுத்து ஏராளம். சார்லஸ் ஹாமில்டன் என்ற நியூயார்க் வியாபாரி 1965-ம் ஆண்டிலேயே அதைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதி, எந்த எந்த மாதிரிகள் எந்திரத்தில் ஓடின என்று படம் போட்டுக் காட்டினார்.

எந்திரத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் சில உண்டு.

மனிதன் கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தில் இறங்கும் முன்பே கை ஓட ஆரம்பித்துவிடும். விமானம் தரையில் இறங்குவது போல் கோடு மெல்லியதாகத் தொடங்கும். முடியும்போதும் மெலிந்து மேலே போகும்.

எந்திரம் அப்படி இல்லை. பேனாவைப் பொட்டென்று வைக்கும். பிறகு இழுக்கும். முடிந்ததும் சட்டென்று நிற்கும். அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் சின்னப் புள்ளி விழும்.

இன்னொன்று, அழுத்தம். நம் கை கீழே இழுக்கும்போது அழுத்தும், மேலே போகும்போது இலேசாகும். எந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கனம். நீண்ட வளைவுகளில் இலேசான நடுக்கம் வேறு தெரியும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இவ்வளவையும் வீட்டிலேயே பார்க்கலாம்.

டைலான் என்ன சொன்னார்?

கம்பெனி மன்னிப்புக் கேட்ட சில நாட்களில் பாப் டைலானும் வாய் திறந்தார். தன் சொந்த விஷயங்களை அவ்வளவாகப் பேசாதவர் அவர். அவரே அறிக்கை விட்டது ரசிகர்களுக்கு ஆச்சரியம்.

2019-ம் ஆண்டு தனக்குத் தலைசுற்றல் நோய் வந்தது என்றும், அது கொரோனா காலத்திலும் தொடர்ந்தது என்றும் அவர் கூறியிருந்தார். கையெழுத்துப் போடும்போது உதவிக்கு ஐந்து பேர் நெருக்கமாக நிற்க வேண்டும். நோய் பரவிய காலத்தில் அது முடியவில்லை. ஒப்பந்தக் கெடு நெருங்கியது. எந்திரத்தைப் பயன்படுத்தலாம், இந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான் என்று தன்னிடம் சொல்லப்பட்டது என்றார்.

அப்படிச் செய்தது தவறான முடிவு என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். புத்தகம் மட்டுமல்ல, 2019-க்குப் பிறகு விற்ற தன் ஓவிய அச்சுப் பிரதிகள் சிலவற்றிலும் எந்திரம் ஓடியதையும் அவரே வெளியிட்டார்.

அப்போது அவருக்கு வயது 81. தலைசுற்றல் உள்ள ஒரு முதியவர் 900 தடவை குனிந்து கையெழுத்துப் போடுவது எளிதா? அந்த வகையில் பரிதாபம்தான்.

ஆனால் வாங்கியவன் கேட்பது வேறு. "முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லியிருக்கலாமே! கைப்படப் போட்டது என்று கடிதம் எதற்கு?" நியாயமான கேள்வி.

டிரைவர் போட்ட கையெழுத்து

எந்திரம் இல்லாத காலத்தில் மட்டும் எல்லாம் அசலாக இருந்ததா? இல்லை. எந்திரத்துக்குப் பதிலாக ஆள் இருந்தார்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் கோஷ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நாலு பேர். 1963, 64-ம் ஆண்டுகளில் அவர்கள் போகிற ஊரெல்லாம் ரசிகைகள் கூட்டம். கதறல், மயக்கம், போலீஸ் தடுப்பு!

கச்சேரி நடக்கும் தியேட்டரின் பின்வாசலில் ஆட்டோகிராப் புத்தகங்கள் மலை போல் குவியும். நாலு பேரும் உட்கார்ந்து போட்டால் விடிந்துவிடும். அதனால் கட்டுக்கட்டாகப் புத்தகங்கள் உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் நாலு கையெழுத்தோடு வெளியே வரும். வாங்கிய பெண் அதை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடுவாள்.

உள்ளே போட்டவர் யார்? பல சமயம் நீல் ஆஸ்பினால். கோஷ்டியின் வேனை ஓட்டியவர். இன்னொருவர் மால் ஈவன்ஸ். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து, பிறகு கோஷ்டியின் சாமான்களைச் சுமக்க வந்து சேர்ந்தவர். இருவரும் நாலு பேர் கையெழுத்தையும் போடுவதில் கைதேர்ந்தவர்கள்.

போதாக்குறைக்கு பீட்டில்ஸ் நாலு பேரில் ஒருவரே மற்ற மூவருக்கும் சேர்த்துப் போட்டுவிடுவதும் உண்டு. ஜான் பக்கத்தில் இல்லையா? பரவாயில்லை, அவனுக்கும் நானே போடுகிறேன் என்ற கதைதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட புத்தகத்தை வைத்திருப்பவர் பொய்யர் அல்ல. "1963-ல் தியேட்டர் வாசலில் நின்று நானே வாங்கினேன்" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மை. புத்தகத்தை உள்ளே கொடுத்தது உண்மை. வெளியே வாங்கியது உண்மை. நடுவில், கதவுக்குப் பின்னால் நடந்தது மட்டும் அவருக்குத் தெரியாது.

அதனால்தான் நிபுணர்கள் "யார் கொடுத்தார்" என்று மட்டும் கேட்பதில்லை. "போடும்போது நேரில் பார்த்தீர்களா?" என்று கேட்கிறார்கள்.

ஆஸ்பினால் கையும் ஈவன்ஸ் கையும் இன்று நிபுணர்களுக்கு அத்துப்படி. நாலு பெயரும் ஒரே சாய்வில், ஒரே வேகத்தில், ஒரே பேனாவில் இருந்தால் உடனே உஷாராகிவிடுவார்கள். நாலு பேர் போட்டிருந்தால் நாலு குணம் தெரிய வேண்டும் அல்லவா?

கோலமும் கள்ளனும்

இதுவரை சொன்னது சம்மதத்தோடு நடந்த போலி. இனி அசல் கில்லாடிகள் கதை.

கள்ளக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு ஒரு தர்மசங்கடம். மெதுவாகப் போட்டால் உருவம் சரியாக வரும். ஆனால் கை நடுங்கும். வேகமாகப் போட்டால் நடுக்கம் போகும். ஆனால் உருவம் மாறிவிடும். இரண்டும் ஒன்றாக வருவது கஷ்டம்.

மார்கழி மாதம் வாசலில் கோலம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழகிய கை இழையை நிறுத்தாமல் ஓட்டும். புத்தகத்தைப் பார்த்துப் போடும் கை புள்ளிக்குப் புள்ளி நிற்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டு கோலமும் ஒன்றுதான். கிட்டே போனால் நின்ற இடமெல்லாம் மாவு திரண்டிருக்கும்.

கையெழுத்தும் அப்படியே. கள்ளன் எழுதுவதில்லை, படம் வரைகிறான். நடுவில் பேனாவை எடுத்து, அசலைப் பார்த்து, மறுபடி வைக்கிறான். எடுத்த இடத்திலும் வைத்த இடத்திலும் மை தேங்கும். சில இடங்களில் திருத்தி மேலே ஓட்டியிருப்பான். அசல் ஆசாமி தன் பெயரைத் திருத்திக்கொண்டிருக்க மாட்டார்!

நிபுணர்கள் செய்யும் ஒரு தந்திரத்தை நீங்களும் செய்யலாம். கையெழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது நம் கண் பெயரைப் படித்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடும். தலைகீழாக வைத்தால் பெயர் மறைந்து கோடு மட்டும் தெரியும். நடுக்கமும் நிறுத்தமும் அப்போது பளிச்சென்று கண்ணில் படும்.

ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். ஒரு பாடகரின் கையெழுத்து இருபது வயதில் ஒரு மாதிரி, புகழ் வந்த பிறகு ஒரு மாதிரி. ஆரம்பத்தில் எல்லா எழுத்தும் தெளிவாக இருக்கும். லட்சம் பேர் கேட்க ஆரம்பித்ததும் தேய்ந்து வெறும் கிறுக்கலாகிவிடும். 1963-ம் ஆண்டுக் கையெழுத்தை 1963-ம் ஆண்டுக் கையெழுத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

காலண்டர் பிடித்துக் கொடுக்கும்

சில போலிகளைப் பிடிக்கப் பூதக்கண்ணாடி கூட வேண்டாம். காலண்டர் போதும்.

பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி இறந்தார். கிட்டார் மன்னர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி இறந்தார். இருவர் பாட்டும் அதற்குப் பிறகும் புதுப்புது இசைத்தட்டுகளாக வந்தன. அப்படி வந்த இசைத்தட்டில் அவர்கள் "கையெழுத்து" இருந்தால் போட்டது ஆவியாகத்தான் இருக்க வேண்டும்!

ரிங்கோ ஸ்டார் பீட்டில்ஸ் கோஷ்டியில் சேர்ந்தது 1962-ம் ஆண்டு ஆகஸ்டில். அதற்கு முன்னால் மத்தளம் வாசித்தவர் பீட் பெஸ்ட். 1961-ம் ஆண்டு நிகழ்ச்சித் தாளில் கோஷ்டியோடு ரிங்கோவும் அன்றே போட்டார் என்று யாராவது நீட்டினால் சந்தேகம் வர வேண்டும்.

அதே ரிங்கோ 2008-ம் ஆண்டு அக்டோபரில் ஓர் அறிவிப்பு விட்டார். அக்டோபர் 20-ந் தேதிக்குப் பிறகு தபாலில் வரும் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன், வந்தால் குப்பைக்குத்தான் போகும் என்றார். ஆகவே "2012-ல் தபாலில் அனுப்பி ரிங்கோவிடம் வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால், மேலே நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பர்சைத் திறக்க வேண்டும்.

பேனாவும் சாட்சி சொல்லும். ஆட்டோகிராப் போட அமெரிக்காவில் பெயர் பெற்ற "ஷார்பி" தடித்த பேனா சந்தைக்கு வந்தது 1964-ல். அந்தப் பேனாவில் போட்ட கையெழுத்தின் கீழே 1962 என்று தேதி இருந்தால் விஷயம் முடிந்தது.

காகிதமும் அப்படியே. வெள்ளை வெளேர் என்று தெரிவதற்காகக் காகிதத்தில் ஒருவகை ரசாயனம் சேர்ப்பது சுமார் 1950-க்குப் பிறகு வந்த வழக்கம். புற ஊதா விளக்கின் அடியில் அந்தக் காகிதம் நீலமாக ஒளிரும். இத்தாலியப் பாடகர் கருசோ இறந்தது 1921-ல். அவர் கையெழுத்துப் போட்ட தாள் அந்த விளக்கில் பளபளவென்று மின்னினால், கருசோவுக்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமில்லை.

அன்னை தெரசா கையெழுத்திட்ட பந்து!

"எனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி? சர்டிபிகேட்டோடு வாங்கினால் போச்சு" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி.

1990-களில் அமெரிக்காவில் கலிபோர்னியாவை மையமாக வைத்து ஒரு பெரிய கும்பல் கைவரிசை காட்டியது. விளையாட்டு வீரர்கள், நட்சத்திரங்கள் என்று யார் கையெழுத்து வேண்டுமானாலும் தயார். எப்.பி.ஐ. என்ற மத்தியப் போலீசார் மாறுவேடத்தில் உள்ளே புகுந்தார்கள். "ஆபரேஷன் புல்பென்" என்று இந்த வேட்டைக்குப் பெயர். 1999-ம் ஆண்டு அக்டோபரில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடந்தது.

இந்தக் கும்பல் சந்தையில் தள்ளிய போலிச் சரக்கின் மதிப்பு 10 கோடி டாலர் வரை இருக்கும் என்று எப்.பி.ஐ. கணக்கிட்டது.

பிடிபட்ட பொருட்களில் ஒன்று போலீசாரையே சிரிக்க வைக்கும். அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்து! கொல்கத்தாவில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த அந்த அம்மையார், அமெரிக்கப் பந்தில் எப்போது கையெழுத்துப் போட்டார் என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

இந்தச் சரக்கோடு "அசல்" என்று சர்டிபிகேட்டும் கொடுக்கப்பட்டது. கையெழுத்தையே கள்ளமாகப் போடுகிறவனுக்கு ஒரு சர்டிபிகேட் அச்சடிப்பது பெரிய வேலையா?

கள்ளன் கொடுத்த சர்டிபிகேட் அப்படி. பெரிய கம்பெனி கொடுத்த கடிதம் எப்படி என்பதை டைலான் புத்தகத்தில் பார்த்துவிட்டோம். சர்டிபிகேட்டின் மதிப்பு, அதைக் கொடுப்பவர் எதைப் பார்த்துக் கொடுத்தார் என்பதில்தான் இருக்கிறது.

சந்தேகமே இல்லாத ஒரு கையெழுத்து

அப்படியானால் சந்தேகத்துக்கு இடமே இல்லாத கையெழுத்து என்று ஒன்று உண்டா? உண்டு. அது ஒரு சோகக் கதை.

1980-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, திங்கட்கிழமை. நியூயார்க் நகரில் டகோட்டா என்ற கட்டடத்தில் ஜான் லெனன் குடியிருந்தார். மாலை சுமார் 5 மணி. ஒலிப்பதிவுக்குப் புறப்பட வாசலுக்கு வந்தார்.

வாசலில் காத்திருந்த ஓர் இளைஞன், லெனன் அப்போதுதான் வெளியிட்டிருந்த "டபுள் பேன்டசி" என்ற இசைத்தட்டை நீட்டினான். லெனன் வாங்கி, தன் பெயரையும் 1980 என்று வருடத்தையும் எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற ஒரு ரசிகர் அந்தக் காட்சியைப் போட்டோ எடுத்தார்.

லெனன் போய்விட்டார். அந்த இளைஞன் போகவில்லை.

இரவு சுமார் 10.50 மணிக்கு லெனன் வீடு திரும்பினார். அதே இளைஞன் அவரைச் சுட்டுக் கொன்றான். அவன் பெயர் மார்க் டேவிட் சாப்மன். லெனனுக்கு வயது 40.

கையெழுத்துப் போட்ட இசைத்தட்டு வாசலில் இருந்த பூந்தொட்டியில் கிடந்தது. அதைக் கண்டெடுத்தவர் போலீசில் ஒப்படைத்தார். போலீசார் அதில் சாப்மன் கைரேகையை எடுத்தார்கள். வழக்கு முடிந்த பிறகு, கண்டெடுத்தவரிடமே அது திருப்பித் தரப்பட்டது. பிற்காலத்தில் பெரும் விலைக்குக் கைமாறியது.

இந்தக் கையெழுத்தை யாராவது போலி என்று சொல்ல முடியுமா? போடும்போது எடுத்த போட்டோ இருக்கிறது. வாங்கியவன் கைரேகை இருக்கிறது. போலீஸ் ரிக்கார்டு இருக்கிறது. போட்ட நிமிஷம் முதல் யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்று சங்கிலி அறுபடாமல் இருக்கிறது.

ஒரு கையெழுத்து அசல் என்பதற்கு இதுதான் உரைகல். கோட்டின் அழகு பாதிதான் சொல்லும். மீதியைச் சாட்சி சொல்ல வேண்டும்.

வாங்கும் முன் கேளுங்கள்

ஆட்டோகிராப் வாங்கக் காசு கொடுக்கிறவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பர்சைத் திறக்க வேண்டாம்.

போடும்போது யார் நேரில் பார்த்தார்கள்? "என் மாமா வாங்கினார்" என்றால், மாமா எந்த ஊரில், எந்த வருடம், எங்கே நின்று வாங்கினார்? அந்த வருடம் அந்தப் பாடகர் அந்த ஊருக்கு வந்தாரா? பழைய பத்திரிகையைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

கையெழுத்து விழுந்திருக்கும் பொருள் எந்த வருடத்தது? இசைத்தட்டு அட்டையில் பார்த்தால் தெரியும். பாடகர் அப்போது உயிரோடு இருந்தாரா?

பூதக்கண்ணாடியில் கோடு எப்படித் தெரிகிறது? சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சடித்தது. ஓரங்களில் மை ஒதுங்கி நடுவில் வெளிறி இருந்தால் ரப்பர் ஸ்டாம்பு. ஆரம்பத்திலும் முடிவிலும் புள்ளி, நடுவில் ஒரே கனம் என்றால் எந்திரம். நின்று நின்று போனால் கள்ளன் கை.

அதே பாடகரின் வேறு கையெழுத்துகளோடு ஒப்பிட்டீர்களா? ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஜாடை ஒத்திருந்தால் நல்லது. அச்சாகப் பொருந்தினால் ஆபத்து!

விலை ஏன் இவ்வளவு குறைவு? ஆயிரம் டாலர் போகும் சரக்கை ஒருவன் நூறு டாலருக்குக் கொடுத்தால், அவனுக்கு நம் மேல் அவ்வளவு பிரியம் என்று அர்த்தம் இல்லை. போலி என்று தெரிந்தால் பணம் திரும்ப வருமா என்று ரசீதிலேயே எழுதி வாங்குவதும் நல்லது.

டைலான் புத்தகம் வாங்கிய 900 பேருக்கும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். தெருவோரத்தில் வாங்கியவனுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. ஆனால் பணம் வந்தாலும் ஒன்று வராது. "அவர் கை இதில் பட்டது" என்று இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்களே, அந்த சந்தோஷத்துக்கு எந்தக் கம்பெனி செக்கு எழுதிக் கொடுக்கும்?

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். ஆட்டோகிராப் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கூட வைத்துக் கொடுக்கும் கடிதத்தையும் விசாரித்துவிடுங்கள்!